இரும்பு பிடித்த கை

ஹைதராபாத்தில் இரும்புக்கு நான்கு முகவரிகள் உண்டு. மாசாப் டேங்கில் தேசியக் கனிம வளர்ச்சிக் கழகத்தின் தலைமையகம். மலையை உடைத்து இரும்புத் தாது எடுப்பது அதன் தொழில். தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1918இல் நம் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் பிறந்து, 1958இல் இங்கே குடிபெயர்ந்தது. இரும்புச்சத்தை இந்தியர்களின் வயிற்றுக்குள் எப்படிச் சேர்ப்பது என்று பல பத்தாண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறது. சிவராம்பள்ளியில் தலசீமியா நோயாளிகளுக்கான சங்கம். ஏறிப்போன இரும்பைக் குழந்தைகளின் உடம்பிலிருந்து எப்படி இறக்குவது என்பது அங்கே கவலை. நான்காவது, நல்லகுண்டாவில் உள்ள காய்ச்சல் ஆஸ்பத்திரி. அங்கே வராந்தாவில் காத்திருப்பவர்கள் யாரும் இரும்பைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் உள்ளே படுத்திருப்பவர்களின் உடம்பில் நடக்கும் சண்டையில் பாதி அதற்காகத்தான்.

இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது என்பார்கள். இரும்பையும் தொற்றையும் ஒரே மூச்சில் சொன்னவர் எதை நினைத்துச் சொன்னாரோ, இரண்டுக்கும் உள்ள உறவு அவர் நினைத்ததைவிட நெருக்கமானது.

வளர்ந்த ஒரு மனித உடம்பில் இருக்கும் மொத்த இரும்பு மூன்று, நான்கு கிராம். ஒரு நடுத்தர ஆணியின் எடை. இதில் ஒரு துளியைக்கூட உடம்பு வெளியில் போட்டுவைப்பதில்லை. சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினில் பூட்டியிருக்கும். கல்லீரலில் ஃபெரிட்டினுக்குள் அடுக்கியிருக்கும். ரத்தத்தில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போதுகூட டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் கையைப் பிடித்தே கூட்டிச்செல்லும். கண்ணீரிலும் தாய்ப்பாலிலும் லாக்டோஃபெரின் என்று இன்னொரு காவல். நகைக்கடைக்காரர்கூட இத்தனை பூட்டு போடமாட்டார்.

காரணம், இரும்பு இல்லாமல் வளரக்கூடிய பாக்டீரியாக்கள் மிகக் குறைவு. காய்ச்சல் கண்டவுடன் உடம்பு செய்யும் முதல் காரியங்களில் ஒன்று, ரத்தத்தில் ஓடும் இரும்பை இன்னும் குறைப்பது. கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். குடலிலிருந்து இரும்பு ஏறுவது நிற்கும். கிடங்கில் இருப்பது கிடங்கிலேயே தங்கும். நாம் நோயாளிக்குப் பத்தியம் போடுகிறோம். உடம்பு கிருமிக்குப் பத்தியம் போடுகிறது.

கிருமி சும்மா இருக்குமா? அது ஒரு சின்ன மூலக்கூறைச் செய்து வெளியே எறிகிறது. அந்த மூலக்கூறு தூண்டில்போல அலைந்து, இரும்பு அணு ஒன்றைக் கவ்விக்கொண்டு, பாக்டீரியாவின் சுவரில் தனக்கென்று இருக்கும் வாசல் வழியாக வீடு திரும்புகிறது. கிரேக்கச் சொல்லை வைத்து இவற்றுக்கு சிடரோஃபோர் என்று பெயரிட்டார்கள். இரும்பு சுமப்பது என்று பொருள். நம் குடலில் வாழும் ஈ.கோலை செய்யும் என்டரோபாக்டினை 1970இல் கலிபோர்னியாவின் பெர்க்லியிலும் ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலும் இரு குழுக்கள் தனித்தனியே பிரித்தெடுத்தன. டிரான்ஸ்ஃபெரினின் பிடியிலிருந்தே இரும்பைப் பிடுங்கும் வலு அதற்கு உண்டு. உடம்பும் விடவில்லை. சிடரோகாலின் என்ற புரதத்தைச் செய்து, என்டரோபாக்டினை வழியிலேயே மடக்குகிறது. அதற்குப் பதிலடியாக சால்மொனெல்லா கிருமிகள் அதே மூலக்கூறின் மேல் சர்க்கரையை ஒட்டி, காவலரின் கைக்குள் அடங்காத உருவமாக்கி அனுப்புகின்றன. வேடம் மாற்றிய சரக்கு. சுங்கச்சாவடி இருக்கும் இடமெல்லாம் நடக்கும் கதைதான்.

பாக்டீரியா செய்யும் வேதிப்பொருள் என்றாலே நமக்கு இரண்டு பெட்டிகள்தான் உண்டு. ஒன்றில் நஞ்சு, மற்றதில் மருந்து. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துப் பெட்டியில். காலரா நஞ்சு நஞ்சுப் பெட்டியில். செய்கிற கிருமிக்கு இந்தப் பெட்டிகளைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. சிடரோஃபோர் இரண்டிலும் அடங்காது. அது யாரையும் கொல்வதில்லை. ஓர் அணு இரும்பை எடுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். அதனால் ஊர்களே காலியாகியிருக்கின்றன.

ஹைதராபாத்துக்குப் போகும் நம்மவர்கள் முதலில் பார்ப்பது சார்மினார். 1591இல் முகம்மது குலி குதுப் ஷா கட்டியது. ஊரை உலுக்கிய பிளேக் ஓய்ந்ததற்கு நன்றியாகக் கட்டினார் என்பது ஊர்க்கதை. ஹிஜ்ரி ஆயிரமாவது ஆண்டு பிறந்ததைக் கொண்டாடக் கட்டியது என்கிறவர்களும் உண்டு. ஊர் பிளேக் கதையைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது. பஞ்சாங்கத்துக்குக் கோபுரம் கட்டினார்கள் என்பதைவிடப் பிழைத்ததற்குக் கட்டினார்கள் என்பது மனதுக்குப் பிடித்திருக்கிறது.

பிளேக் கிருமியை 1894இல் ஹாங்காங்கில், ஒரு குடிசை ஆய்வுக்கூடத்தில் கண்டவர் அலெக்சாந்தர் யெர்சின். அவர் பெயரால் அது யெர்சினியா பெஸ்டிஸ். அது செய்யும் சிடரோஃபோருக்கும் அவர் பெயரே நிலைத்தது: யெர்சினியாபாக்டின். தெள்ளுப்பூச்சி கடித்துத் தோலுக்குள் விழும் சில கிருமிகளுக்கு அங்கே இரும்பு கிடைப்பது அரிது. இந்த மூலக்கூறு இருந்தால் பிழைத்து, நெறி கட்டவைத்து, ரத்தத்துக்குள் போகும். இல்லாவிட்டால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். எலிகளில் திரும்பத் திரும்பச் சோதித்த உண்மை இது. அதனால்தான் இரும்பைத் திரட்டும் மரபணுத் தொகுதி நீக்கப்பட்ட பிளேக் கிருமியைப் பல் பிடுங்கிய பாம்பாகக் கருதி, சாதாரண ஆய்வுக்கூடங்களில் கையாள விட்டிருந்தார்கள்.

2009 செப்டம்பரில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ஒருவர், வயது அறுபது, மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு வந்தார். வந்த அன்றே இறந்தார். அவர் ரத்தத்தில் வளர்ந்தது, அவர் ஆய்வு செய்துகொண்டிருந்த அந்தப் பல் பிடுங்கிய கிருமி. எப்படி என்று யாருக்கும் விளங்கவில்லை. பிரேதப் பரிசோதனை விளக்கியது. அவருக்கு ஹீமோகுரோமட்டோசிஸ் என்ற பரம்பரைக் கோளாறு இருந்தது. உணவிலிருந்து தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சிக் கல்லீரலில் குவித்துவைக்கும் உடம்பு. அந்தக் கோளாறு இருப்பது அவருக்கே தெரியாது. கிருமியிடம் தூண்டில் இல்லை. அந்த உடம்பில் தூண்டிலுக்கு அவசியமும் இல்லை. திருடனின் கையை வெட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர்கள், வீடு திறந்து கிடக்குமா என்று பார்க்க மறந்தார்கள்.

இந்த ஒரு மரணம் எனக்குப் பல பாடநூல்களுக்குச் சமம். கொடிய கிருமி, சாதுக் கிருமி என்று நாம் எழுதிவைக்கும் பட்டியல் கிருமியைப் பற்றியது மட்டுமல்ல. எந்த உடம்பில், எவ்வளவு இரும்பு இருக்கும் வீட்டில் என்ற கேள்வி அதன் பக்கத்திலேயே நிற்கிறது.

அந்தக் கேள்வியோடு அன்றாடம் வாழ்கிறவர்கள் சிவராம்பள்ளிக்கு வருகிறார்கள். ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய் தலசீமியா. அது கடுமையாக உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு பை ரத்தத்தோடு இருநூறு மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உள்ளே போகிறது. வெளியே போவது நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம். மனித உடம்புக்கு இரும்பைச் சேமிக்கத் தெரியும், செலவழிக்கத் தெரியாது. குவிந்த இரும்பு இதயத்தையும் கல்லீரலையும் அரிக்கும். உயிர் காக்கும் ரத்தமே உயிரைக் குடிக்கும் இந்த நிலைக்கு மருந்து, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து வந்தது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் பைலோசஸ் தன் இரும்புப் பசிக்குச் செய்துகொண்ட சிடரோஃபோரை 1960 வாக்கில் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுத்து, டெஸ்ஃபெரியாக்சமைன் என்ற மருந்தாக்கினார்கள். வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி குத்தி, சின்ன பம்ப் ஒன்றை இடுப்பில் கட்டி, இரவு முழுவதும் சொட்டுச்சொட்டாக ஏற்ற வேண்டும். வாரத்தில் ஐந்து ஆறு இரவுகள். ஒரு தலைமுறைக் குழந்தைகள் இந்த பம்போடு தூங்கி வளர்ந்தார்கள். வளர்ந்தார்கள் என்பதே பெரிய செய்தி. அதற்கு முந்தைய தலைமுறை வளரவில்லை.

ஆனால் அந்த மூலக்கூறு மருந்தாகிவிட்டது என்று நாம் தீர்மானித்ததைக் கிருமிகளுக்கு யாரும் தெரிவிக்கவில்லை. பிளேக் கிருமிக்கு உறவுக்காரக் கிருமி ஒன்று உண்டு, யெர்சினியா என்டரோகோலிட்டிகா. வழக்கமாக வயிற்றுப்போக்கோடு போய்விடும். அதன் பல வகைகளுக்குச் சொந்தத் தூண்டில் கிடையாது. ஆனால் அடுத்தவர் தூண்டிலில் மாட்டிய மீனை எடுக்க வாசல் மட்டும் உண்டு. டெஸ்ஃபெரியாக்சமைன் ஏற்றிய உடம்பில், இரும்பைக் கவ்விய மருந்தே இதற்குச் சாப்பாட்டுத் தட்டாகிவிடுகிறது. அதனால்தான் அந்த மருந்தில் இருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்து வந்தால் உடனே பம்பை நிறுத்தச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். ம்யூக்கர் பூஞ்சைக்கும் இதுபோன்ற வாசல் உண்டு.

இதற்கு மாற்றாக வந்த டெஃபெரிப்ரோன் மாத்திரைக்கு உலகிலேயே முதலில் அனுமதி தந்த நாடு இந்தியா, 1990களின் நடுவில். ஆய்வுக்கூடத்தில் மனிதர் செய்த செயற்கை மூலக்கூறு; கிருமிகளின் வாசலில் நுழையாது. பதிலுக்குச் சிலருக்கு வெள்ளை அணுக்களை அறவே குறைத்துவிடும். வெள்ளை அணு இல்லாவிட்டால் எந்தக் கிருமிக்கும் வாசலே தேவையில்லை. சுற்றிச்சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம்.

தார்நாகாவின் சிக்கல் இதற்கு நேர் எதிர். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அயோடினோடு இரும்பையும் சேர்த்த இரட்டைச் செறிவு உப்பை உருவாக்கியது இங்குள்ள ஊட்டச்சத்து நிறுவனம்தான். நல்ல காரியம், குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் இரும்பை யாருக்குக் கொடுக்கிறோம் என்ற கேள்வி ஒருமுறை மிகக் கசப்பாக எழுந்தது. சான்சிபாரின் பெம்பா தீவில், இந்தியரான சுனில் சசாவால் தலைமையில் சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு, 2003இல் பாதியில் நிறுத்தப்பட்டது. மாத்திரை பெற்ற குழந்தைகள் கடும் நோயாலோ சாவாலோ பாதிக்கப்படுவது மற்றவர்களைவிட 12 சதவீதம் கூடுதல் என்று தெரிந்ததால். அன்று மலேரியா நிறைந்த தீவு அது. உடம்பு மூடிவைத்திருந்த களஞ்சியத்தை நாம் நல்லெண்ணத்தோடு திறந்துவிட்டோம்; முதலில் பந்திக்கு உட்கார்ந்தது யார் என்று பிறகுதான் பார்த்தோம். இதைப் படித்துவிட்டு யாரும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நம் ஊர்ப் பெண்களுக்கு அது வேண்டும். கூடவே கொசுவலையும் சுத்தமான தண்ணீரும் வேண்டும், மாத்திரை மட்டும் போதாது என்பதுதான் பெம்பா சொன்னது. மாத்திரை மலிவு, அதனால் அது மட்டும் வந்து சேர்கிறது.

ஹைதராபாத்தின் இன்னொரு முகத்தையும் சொல்லாமல் விட முடியாது. மேற்கே படான்செருவில், ஏறக்குறைய தொண்ணூறு மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் வெளியேற்றிய நீரை ஸ்வீடனைச் சேர்ந்த ஜோக்கிம் லார்சன் குழு சோதித்து 2007இல் வெளியிட்டது. லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக். மாத்திரை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. சுத்திகரித்த பிறகு. மருந்தில் குளித்தே வளரும் கிருமிக்கு மருந்து உறைக்காது. பழைய மருந்துகள் இப்படி ஒவ்வொன்றாகத் தோற்றபோது, ஜப்பானிய நிறுவனம் ஒன்று கிருமியின் இரும்புப் பசியையே கொக்கியாக்கியது. செஃபிடெரோகால் என்ற அந்த மருந்து சிடரோஃபோர்போல் வேடமிட்டு, இரும்பைப் பிடித்துக்கொண்டு, கிருமியின் வாசல் வழியே அதுவே வரவேற்க உள்ளே போகிறது. 2019இல் அமெரிக்கா அனுமதித்தது. மனித மூளையின் தந்திரம் என்று மெச்சிக்கொள்ளலாம். ஆனால் மண்ணில் உள்ள ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைகள் ஆல்போமைசின் என்று இதே வேடத்தை நமக்கு வெகுகாலம் முன்பே கட்டியிருக்கின்றன. 1950களில் சோவியத் மருத்துவர்கள் அதைக் கையாண்டும் இருக்கிறார்கள். இப்போது சில கிருமிகள் அந்த வாசலையே அடைத்துக்கொள்ளப் பழகிவருகின்றன. இதற்கிடையே, ஆலைக் கழிவில் 121 ஆன்டிபயாட்டிக்குகளுக்கு உச்சவரம்பு விதிக்கும் வரைவை மத்திய அரசு 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் இறுதி விதிகள் வந்தபோது அந்தப் பட்டியல் மட்டும் இல்லை.

இனி நல்லகுண்டா. 1915இல் ஊருக்கு வெளியே நோய் ஒதுக்கிடமாகத் தொடங்கிய ஆஸ்பத்திரி. குவாரண்டைன் என்ற சொல் ஊர் நாவில் உருண்டு ‘கோரண்டி’ ஆகி, இன்றும் பெரியவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பலகையில் ரொனால்ட் ராஸின் பெயர். செகந்திராபாத்தில் 1897இல் கொசுவின் வயிற்றில் மலேரியாவைப் பார்த்தவர். நாட்டின் பல ஊர்களில் இளம் மருத்துவர்கள் பாடநூலில் மட்டும் படிக்கும் ஒரு நோயை இந்த ஆஸ்பத்திரியில் கண்ணால் பார்க்கலாம்: தொண்டை அடைப்பான், டிப்தீரியா. சாம்பல் நிறத் தோல் ஒன்று தொண்டையில் படர்ந்து மூச்சை அடைக்கும். தப்பினாலும் நஞ்சு இதயத்துக்குப் போகும்.

அந்த நஞ்சை 1888இல் பாரிஸில் எமில் ரூவோடு சேர்ந்து நிரூபித்தவர் அதே யெர்சின். பிளேக்குக்கு ஆறு ஆண்டுகள் முன்பு. கிருமியை வடிகட்டி நீக்கிய திரவத்தைச் செலுத்தினாலும் விலங்கு செத்தது. ஒரே ஒரு நஞ்சு மூலக்கூறு உள்ளே நுழைந்தால் ஒரு செல் சாக அது போதும் என்று பின்னால் கண்டார்கள். இன்னும் விசித்திரம், நஞ்சுக்கான மரபணு இந்தக் கிருமியுடையதே அல்ல. கிருமியைத் தொற்றும் வைரஸ் ஒன்று கொண்டுவந்து வைத்தது. ஆனால் அதை இயக்கும் சாவி கிருமியின் கையில், அந்தச் சாவி இரும்பு. இரும்பு தாராளமாக இருந்தால் நஞ்சு சுரக்காது. வற்றும்போதுதான் சுரக்கும். உடம்பு போடும் பத்தியம் இங்கே இரவல் ஆயுதத்தை உறையிலிருந்து எடுக்கவைக்கிறது.

பாப்பன்ஹைமர், ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1936இல் இதைத் துல்லியமாகக் காட்டினார்கள். தடுப்பூசி ஆலைகள் அதை மனப்பாடமாக வைத்திருக்கின்றன. டிப்தீரியா தடுப்பூசி என்பது அந்த நஞ்சேதான். கிருமியை வளர்த்து, நஞ்சை வடித்து, ஃபார்மலினில் ஊறவைத்து, 1923இல் காஸ்டன் ராமோன் காட்டிய வழியில் பல் பிடுங்கிச் செய்வது. நஞ்சு நிறையக் கிடைக்க வேண்டுமானால் வளர்ப்புக் குழம்பில் இரும்பைக் கணக்குப் பார்த்துக் குறைக்க வேண்டும். உலகெங்கும் ஆலைகள் இதற்கு வளர்ப்பது பெரும்பாலும் ஒரே வம்சத்தை: 1890களில் நியூயார்க்கில் அன்னா வில்லியம்ஸ் பிரித்தெடுத்த எட்டாம் எண் கிருமி. அது கிடைத்ததும் சாகக் கிடந்தவரிடமிருந்து அல்ல, லேசான தொண்டை நோய் கண்ட ஒருவரிடமிருந்து.

அந்த ஆலைகளில் பெயர் பெற்றது ஒன்று ஹைதராபாத்திலேயே இருக்கிறது. 1953இல் தொடங்கிய பயாலஜிக்கல் ஈ நிறுவனம் டிப்தீரியா சேர்ந்த தடுப்பூசிகளை 1960களிலிருந்து செய்கிறது. கடல் கடந்தும் அனுப்புகிறது. அதே நகரத்தில், 2003 முதல் 2006 வரை டிப்தீரியா ஏன் ஓயவில்லை என்று ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2008இல் வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் கூடுதலாக 5 முதல் 19 வயதுக்குள். நான்கு தவணையோ அதற்கு மேலோ போட்டவர்களைத் தடுப்பூசி காத்திருக்கிறது. பூஸ்டர் தவணை போட்டவர்கள்தான் குறைவு. ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே ஒரு நகரப் பேருந்துப் பயணத்தின் தூரம். மருந்து கடலைக் கடந்தது, அந்தத் தூரத்தைக் கடக்கச் சிரமப்பட்டது.

தமிழ்நாட்டிலும் தடுப்பூசி அட்டவணை அதேதான். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் மூன்று ஊசி. ஒன்றரை வயதில் ஒன்று, ஐந்து வயதில் ஒன்று. கைக்குழந்தைக்குத் தவறாமல் போடுகிறோம். ஐந்து வயதில் பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும் மறந்துவிடுகிறோம். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடுவது முன்பு டெட்டனஸுக்கு மட்டுமான ஊசி. சில ஆண்டுகளாக அதில் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இந்த வயதுகளில் பிள்ளை இருந்தால் பழைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துப் பாருங்கள். அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பணம் கேட்கமாட்டார்கள்.